முட்டியோடு நின்ற பாட்டு

கடவுளுக்கும் எனக்கும் பெரிய போக்குவரத்து கிடையாது. வழியில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம். அதற்கு மேல் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்துகொண்டதில்லை. அப்படிப்பட்டவன் எழுதிய வரிகள் ஒரு மழைக்காலம் முழுக்க ஓர் அம்மன் பாட்டுக்குள் உட்கார்ந்திருந்தன என்றால், பக்கத்தில் இருந்து பார்த்த என் மனைவியே இப்போது நம்ப மறுக்கிறாள். நான் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். என் எழுத்தை மனப்பாடம் செய்த வாசகர் என்று இதுவரை ஒருவர்தான் வாய்த்திருக்கிறார். அவரும் சிரிப்பதற்காக அதைச் செய்யவில்லை.

அந்த அக்காவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் எங்கள் தெருவில் பாதிப்பேருக்குத் தெரியாது. 'தலையிலேர்ந்து அக்கா' என்றால்தான் தெரியும்.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருக்கோடியில் ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. உள்ளே இரண்டு பேர் நின்றால் அம்மன் வெளியே வந்துவிட வேண்டும், அவ்வளவு பெரிய கோயில். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெருப் பெண்கள் அதன் வாசலில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடுவார்கள். முன்வரிசையில் மைக்கைப் பிடித்து நடத்துவது அக்கா. என் வீடு கோயிலுக்கு நேர் எதிரே. என் வாரக் கட்டுரையை அனுப்ப வேண்டிய கெடுவும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான். காய்ந்த மிளகாய் வறுக்கும்போது தொண்டையில் ஏறுகிற கமறல் ஒன்று உண்டே, அது பாடினால் எப்படியிருக்கும் என்பதை அக்காவின் குரலில் கேட்கலாம். என் கட்டுரைகளில் சிரிப்பு குறைந்து போனதற்கு நான் சொல்லும் பல காரணங்களில் இதுவும் ஒன்று.

பாட்டு யார் எழுதியது என்று தெரியாது. உடம்பின் ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லி அம்மனை அங்கே உட்கார வைக்கிற கவசப் பாட்டு. 'உச்சியில் இருப்பாய், ஒளியாய் இருப்பாய்' என்று தலையில் தொடங்கும். 'கண்ணில் இருப்பாய், இமையாய் இருப்பாய்' என்று இறங்கும். நாவில் சுவையாய், தோளில் துணையாய், நெஞ்சில் நினைவாய், வயிற்றில் அனலாய் என்று ஒவ்வொரு படியாக வந்து, முட்டியைத் தாண்டி, 'பாதத்தில் இருப்பாய், வழியாய் இருப்பாய்' என்று முடியும். முடிந்ததும் சுண்டல்.

இதில் அக்கா வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். பாட்டு நடுவில் நிற்கக் கூடாது. நின்றால், நின்ற இடத்திலிருந்து தொடரக் கூடாது. மறுபடி தலையிலிருந்து வரவேண்டும். கரண்ட் போய் மைக் செத்தால் தலையிலேர்ந்து. யாராவது ஒரு பெண் தும்மி அதில் தோள் விட்டுப்போனால் தலையிலேர்ந்து. விழுப்புரம் ரோட்டில் போகிற பஸ் உள்ளே திரும்பி ஹாரன் அடித்தால், அம்மன் காதில் 'செவி' விழுந்திருக்காது என்று தலையிலேர்ந்து. ஒரு செவ்வாய்க்கிழமை நெஞ்சு வரைக்கும் வருவதற்குள் சுண்டல் ஊசிப்போனதாக அவர் கணவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தெருவில் கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகள்கூட, ஆட்டத்தில் தகராறு வந்தால், "தலையிலேர்ந்து வாடா" என்றுதான் சொல்வார்கள்.

இவ்வளவு கறார் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். காய்கறி வண்டியிடம் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்த பார்வையில், மூளை குறைவானவர்களிடம் காட்டும் பரிவு இருந்தது.

"தோளை விட்டுட்டு நெஞ்சுக்குப் போயிட்டா, தோளுக்கு யாரு தம்பி பொறுப்பு? நீங்களா?"

அக்கா கல்வித் துறை ஆபீசில் சீனியர் கிளார்க். ஒரு இணைப்பு குறைந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்புவதில் பேர் வாங்கியவர். லாஸ்பேட்டையில் நான் தமிழ் நடத்தும் கல்லூரியிலிருந்து போன ஒரு பதவி உயர்வுக் கோப்பும், பக்கத்து வீட்டுக்காரன் என்ற சலுகை எதுவும் இல்லாமல், அப்படித் திரும்பி வந்திருக்கிறது. அது என்னுடையது.

பொருள் தெரியாமல் யாரும் பாடக் கூடாது என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். புதிதாகக் கல்யாணமாகி வருகிற மருமகள்களை உட்கார வைத்து வரி வரியாக விளக்குவார். அப்படி ஒருநாள் விளக்கி முடித்தபோது ஒரு புதுப்பெண், எல்லாம் சரி, நமக்கு வேண்டியதை எந்த வரியில் கேட்பது என்றாள். பிள்ளை வேண்டும் என்றோ வேலை வேண்டும் என்றோ எங்கேயும் வரவில்லையே. நியாயமான கேள்வி. நானும் ஜன்னலருகே பேனாவை வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

"வராது," என்றார் அக்கா. "காப்பாத்துன்னுகூட இதுல கிடையாது, பாத்தியா? இரு, இரு, இருன்னுதான் இருக்கு. கண்ணுல நீ இரு. கால்ல நீ இரு. அவ இருந்தாப் போதும். கண்ணு நல்லா இருக்கணும்னா இருக்கும், போவணும்னா போவும். கேக்குறதுன்னா அதுக்கு வேற கோயில் இருக்கு, பஸ் ஏறிப் போ."

அந்தப் பெண் அடுத்த வாரம் பஸ் ஏறிப் போனதாகத்தான் கேள்வி.

பாட்டில் ஒரு எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ விடமாட்டார். எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களைப் பாண்டிச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். அவர் தன் செலவில் பாட்டைச் சின்னப் புத்தகமாக அச்சடித்துக் கொடுத்தார். பின்னட்டையில் மெடல் குத்திய அவருடைய படம். அதைக்கூட அக்கா பொறுத்துக்கொண்டார். ஆனால் மனுஷன், கடல் தாண்டிப் போகிறவர்களைக் கரை சேர்க்கச் சொல்லி இரண்டு வரியைத் தானே எழுதிப் பாதத்துக்குக் கீழே சேர்த்திருந்தார். அக்கா மொத்தப் புத்தகத்தையும் வீட்டுக்கு எடுத்துப்போய், ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு வரியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிக் கொண்டுவந்து வைத்தார். சொல்தா கோபத்தில் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அதற்கும் அக்கா பொருள் கேட்டுத் தெரிந்துகொள்வாரோ என்று பயந்தேன், நல்லவேளை, கேட்கவில்லை.

எனக்கும் ஒரு சூடு விழுந்தது. தமிழ் எம்.ஏ. படித்தவன் சும்மா இருக்க முடியுமா? எல்லா வரியும் ஒரே அளவில் போகும்போது முட்டி வரி மட்டும் 'முட்டியிலே நீ இருப்பாய், மடங்கும் வலுவாய் இருப்பாய்' என்று நீண்டு இடிக்கிறது, இரண்டு சொல்லை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்றேன்.

"ஒங்களுக்குக்கூடத்தான் முட்டி வலி. நடக்கும்போது இடிக்குது. வெட்டிடலாமா?" என்றார்.

அன்றிலிருந்து நான் பாட்டுப் பக்கம் போகவில்லை. பாட்டுத்தான் என்னிடம் வந்தது.

அக்காவின் கணவர் பொதுப்பணித் துறையில் தண்ணீர்த் தொட்டி ஆப்பரேட்டர். காலையில் எங்கள் பகுதிக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். மனைவிக்கு நேர் எதிர்: எதையும் பாதியில் விட்டுவிட்டுச் சிரிக்கிற ஆள். செவ்வாய்க்கிழமை எல்லாம் என் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு, "வாத்தியாரே, மேடம் இப்ப எந்த ஸ்டாப்ல இருக்காங்க?" என்பார். தோள் என்று சொன்னால் ஒரு டீ குடிக்க நேரம் இருக்கிறது என்று கணக்கு. பாட்டு முடிந்து சுண்டல் வாங்கினதும் எழுந்துபோவார். அவ்வளவுதான் அவருடைய பக்தி.

அந்த மனுஷனுக்குத்தான் ஈரல் சுருங்கிப்போனது.

பாண்டிச்சேரியில் ஓர் ஆளுக்கு ஈரல் கெட்டால் ஊர் கேட்கிற முதல் கேள்வி எது என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த மாவட்டத்துக்காரர்கள் லீவு போட்டுக்கொண்டு வந்து குடிக்கிற ஊரிலே பிறந்து, வளர்ந்து, அங்கேயே வேலை பார்த்தும் ஒரு சொட்டு தொடாத மனுஷன் அவர். சர்க்கரையாலும் இப்படி ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஆப்பிளைக் கொடுத்துவிட்டு, அக்காவைத் தனியாக அழைத்து, எப்போதிலிருந்து என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். அக்கா ஒவ்வொருவரிடமும் முழுவதுமாக முதலிலிருந்து விளக்கினார். கடைசியில் கணவர்தான் எரிச்சலாகி, "விடு, குடிச்சேன்னே சொல்லிடு. குடிக்காம செத்தான்னா கேவலமா இருக்கு," என்றார். வயிறு வீங்கி, கண் மஞ்சளித்துப் படுத்திருந்தார். சிரித்தபோது பல் மட்டும்தான் பழைய ஆள்.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது. அக்காவின் மகள் பெங்களூரில், பிள்ளைப்பேறு நெருங்கி எழுந்து நடமாட முடியாத நிலை. என்னிடம் ஸ்கூட்டர் இருந்தது, கல்லூரியும் விடுமுறை. காலையில் அக்காவைக் கொண்டுபோய் விடுவது என் வேலை என்று என் மனைவி முடிவு செய்து எனக்கும் தெரியப்படுத்தினாள்.

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அக்கா அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே வருவார். பள்ளத்தில் வண்டி இறங்கினால் தலையிலேர்ந்து. சிக்னலில் ஆட்டோக்காரன் கத்தினால் தலையிலேர்ந்து. மழைக்காலத்து ரோடு; நான் பள்ளங்களைத் தவிர்த்து ஓட்டக் கற்றுக்கொண்டது அப்போதுதான். ஒருநாள் பாட்டு வயிற்றில் நின்றது. பள்ளம் எதுவும் இல்லை.

"தம்பி, இந்தப் பாட்டுல ஈரல் எங்க வருது?"

வயிற்றுக்குள் அடங்கிவிடும் அக்கா என்றேன்.

"அடங்காது. ஞாயித்துக்கெழம கறிக்கடையில போயி வயிறு குடுன்னா குடலைத்தான குடுப்பான்? ஈரலை யாராச்சும் குடுப்பானா? அது தனி. தனியாத்தான் கேக்கணும்."

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, சேலையைச் சரி செய்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பக்கத்திலிருந்த இளநீர் வண்டியைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க எழுதுறவருதான. ஒரு வரி எழுதிக் குடுங்க."

வெள்ளைத் தாள் ஒட்டிய கை அது. இப்போது அதில் தெர்மாஸ் ஃபிளாஸ்க் இருந்தது. மடங்கும் முட்டியைப் பற்றிய பழைய கேலியைத் திருப்பிச் சொல்ல நல்ல சந்தர்ப்பம். அதை விட்டுவிட்டேன். சரி அக்கா என்றேன்.

நகைச்சுவைக் கட்டுரைக்கு இவ்வளவு யோசித்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். 'ஈரலில் இருப்பாய்' வரை சிரமமில்லை. கண்ணுக்கு இமை, நாவுக்குச் சுவை. ஈரலில் ஓர் அம்மன் என்னவாக இருக்க முடியும்? எதுகை மோனையெல்லாம் பார்த்து, 'ஈரலில் இருப்பாய், ஈரமாய் இருப்பாய்' என்று எழுதி மறுநாள் பெருமையோடு ஒப்பித்தேன். அக்கா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"ஏற்கெனவே வயித்துல தண்ணி கோத்துக்கிட்டுத்தான தம்பி கெடக்குறாரு. இன்னும் ஈரம் எதுக்கு?"

அமுதாய் என்றேன். ஊர் என்ன சொல்லும், ஊற்றிக்கொடுத்தது போலாகிவிடும் என்றார். உறுதியாய் என்றேன். ஈரல் கல் மாதிரி உறுதியாகிவிட்டதுதான் வியாதியே என்று டாக்டர் சொன்னாராம். என் எம்.ஏ. பட்டம் அந்தச் சாலையோரத்தில் நனைந்துகொண்டிருந்தது. கடைசியில் அக்காவே சொன்னார்.

"அதுவா இருக்கணும் இதுவா இருக்கணும்னு ஒண்ணும் வேணாம். இருந்தாப் போதும். இருப்பாய் இருப்பாய்னே வச்சிடுங்க."

'ஈரலில் இருப்பாய், இருப்பாய் இருப்பாய்.' வயிற்றுக்கு அடுத்தபடியாக அது உட்கார்ந்தது. ஸ்கூட்டரின் பின்னால் முதல் தடவை அதைப் பாடியபோது அக்காவின் குரல் அந்த இடத்தில் ஒரு திருடனைப் போல இறங்கிப் போனது.

ஆனால் நோய் ஈரலோடு நிற்கவில்லை. சிறுநீரகம் வேலையைக் குறைத்துக்கொண்டது என்றார்கள், அதற்கொரு வரி. நுரையீரலில் நீர் என்றார்கள்; அதற்கொரு வரி. டாக்டர் வார்டை விட்டு வெளியே வந்து ஒரு புதுப் பெயர் சொன்னால் மறுநாள் காலை அதை நான் பாட்டில் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். எல்லாவற்றுக்கும் இரண்டாம் பாதி ஒன்றேதான், இருப்பாய் இருப்பாய். கவிஞனுக்குப் பெரிய வேலை இல்லை. ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் எனக்கு ஒரு மரியாதைகூட ஏற்பட்டது. திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்த ஒருவர் தன் மனைவியின் பித்தப்பைக்காக என்னிடம் தனியாகப் பேசினார். அக்காவுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, அரியாங்குப்பத்துப் பக்கம், வேதக்காரர்கள். மகனுக்குத் தலைக்குள் கட்டி. அவர் ஒருநாள் மணியை நிறுத்திவிட்டு, "ஒங்க பாட்டுல மூளை இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

"உச்சியிலயே வந்துடுது, மொத வரி," என்றார் அக்கா.

"எங்க ஜெபத்துல இப்பிடிப் பிரிச்சுப் பிரிச்சு இல்லியே. மொத்தமாத்தான் சொல்றோம்."

"மொத்தமா சொன்னாலும் கேப்பாங்க. ஒங்க மாதா படிச்சவங்க. எங்க அம்மாவுக்கு விவரமா சொல்லணும்."

அந்த அம்மா சிரித்தார். அந்தத் தாழ்வாரத்தில் நான் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான். சிரித்து முடித்து இரண்டு பேரும் அவரவர் இடத்தில் மறுபடி தொடங்கினார்கள்; அக்கா தலையிலிருந்து.

அவர் வார்டில் இருந்த நாட்களில் அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து மெதுவாகப் பாடுவார். ஒருநாள் நானும் இருந்தேன். கணவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். பாட்டு முட்டிக்கு வந்தபோது அக்காவின் கையைப் பிடித்தார்.

"முடிச்சிடாத," என்றார். "முடிச்சா எல்லாரும் சுண்டல் வாங்கிக்கிட்டுக் கெளம்பிடுவாங்க."

நான் சிரித்தேன். அவர் ஜோக் அடித்தால் சிரிப்பது என் வழக்கம். அக்கா சிரிக்கவில்லை. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எதற்குத்தான் சிரித்தார்?

மறுநாள் கணவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். வாயில் குழாய். காலையில் ஒருவரை மட்டும் கொஞ்ச நேரம் உள்ளே விடுவார்கள். அக்கா பச்சை அங்கி மாட்டிக்கொண்டு போவார், நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்புகளுக்குக் காவல் இருப்பேன். வெளியே வந்ததும் கேட்பேன், முடிந்ததா என்று. முட்டி வரைக்கும் வந்தேன், நேரம் ஆகிவிட்டது என்பார். அடுத்த நாளும் முட்டி வரைக்கும். அதற்கடுத்த நாளும். எனக்கு மனசு உறுத்த ஆரம்பித்தது. பாட்டு நீண்டதே நான் சேர்த்த வரிகளால்தானே? அவை இல்லாவிட்டால் பாதம் வரை வந்துவிடலாமே. எழுதுகிறவனுக்குச் சொந்த வரியை வெட்டுவது போல் கஷ்டம் வேறில்லை. இருந்தும் நானே சொன்னேன். என்னுடையதை எல்லாம் எடுத்துவிடலாம் அக்கா, பழைய பாட்டையே பாடி முடித்துவிடுங்கள் என்று. அவர் வேண்டாம் என்றார். வேகமாகவாவது பாடுங்கள் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

அங்கே ஒரு நர்ஸ், காரைக்கால் பெண். அவரிடம் தனியாகப் போய்க் கெஞ்சினேன். அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்தால் ஒரு பாட்டை முடித்துவிடுவார், நம்பிக்கை விஷயம், எனக்கு இதிலெல்லாம் ஈடுபாடு இல்லை, ஆனாலும் என்று என் பகுத்தறிவுக்கு ஒரு சான்றிதழும் சேர்த்துச் சொன்னேன்.

நர்ஸ் விழித்தார். "நாங்க எங்க சார் நிறுத்துறோம்? பாவம்னு நாங்க ஒண்ணுமே சொல்றதில்ல. அவங்களேதான் முட்டின்னு வந்ததும் பாட்டை நிறுத்திட்டு, அவரு காலை போர்வையால மூடிட்டுப் போயிடுறாங்க."

வெளியே பஸ் நிறுத்தத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார். மழை விட்டிருந்தது. தமிழ்நாட்டு எல்லை அங்கிருந்து பார்வைக்கு எட்டும் தூரம். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து, மடியில் எக்ஸ்ரே உறைகளோடு ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டரை எடுக்காமல் நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நேரம் இருந்துச்சாமே அக்கா."

"இருந்துச்சு."

அவரே, பஸ்ஸைப் பார்த்தபடி, ஆபீசில் கோப்பின் நிலவரம் சொல்கிற குரலில் சொன்னார்.

"பாதியில நின்னா தலையிலேர்ந்து வரணும். அது என் சட்டம் இல்ல, அவ சட்டம். நாளைக்கி நான் தலையிலேர்ந்து வரணும்னா, அங்க தலை இருக்கணும்ல? பாட்டு முடியாம எப்பிடித் தம்பி அவ ஆளை எடுப்பா?"

கேட்கிற பாட்டு இல்லை இது என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். அதை நினைவுபடுத்துகிற அளவுக்கு நான் கல்நெஞ்சன் இல்லை. ஆனால் அவருக்கே அது தெரிந்திருந்தது.

"கேக்கலை நான். மடக்கி வச்சிருக்கேன்," என்றார்.

அதன்பிறகு நான் முடிந்ததா என்று கேட்பதை விட்டுவிட்டேன். காலையில் ஸ்கூட்டரில் அவர் பாட, நான் பள்ளங்களைத் தேடி விட ஆரம்பித்தேன். சிரிக்காதீர்கள். ஒரு பள்ளத்துக்கு ஒரு தலையிலேர்ந்து. அதில் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. கல்லூரியில் பகுத்தறிவு பற்றிச் சொற்பொழிவு ஆற்றியவன்தான் நான். குண்டும் குழியுமான ரோட்டை வைத்து எத்தனையோ கட்டுரை எழுதிப் பிழைத்திருக்கிறேன். அந்த வாரம் அதன்மேல் எனக்கு இருந்த நன்றியை எந்த முதலமைச்சரும் சம்பாதித்திருக்க மாட்டார்.

ஒரு காலை சிக்னலில் நின்றிருந்தோம். பாட்டு 'நெஞ்சில் இருப்பாய்' வரை வந்திருந்தது. அக்காவின் பையில் போன் அடித்தது. எடுத்தார். ஆமாம் என்றார். வந்துகிட்டேதான் இருக்கோம் என்றார். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். சிக்னல் பச்சையானது. பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்தது. வண்டியை எடுத்தேன். ஹாரன் அடித்தாயிற்று, இப்போது தலையிலேர்ந்து வரவேண்டும் என்று காத்துக்கொண்டே ஓட்டினேன். வழியில் இரண்டு பெரிய பள்ளங்களில் இறக்கியும் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசல் வரை பின்னாலிருந்து சத்தமே இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். தெரு முழுக்க நின்றது. சொல்தா மெடலைக் குத்திக்கொண்டு வந்து மாலை போட்டார். அரியாங்குப்பத்து அம்மா எப்படியோ விலாசம் கேட்டு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமைப் பெண்கள் எல்லோரும் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெட்டியின் தலைமாட்டில் சுவரில் சாய்ந்து, உதடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். மகள் காரில் பெரிய வயிற்றோடு வந்து இறங்கி அழுதபோதும் அசையவில்லை.

எடுக்கிற நேரத்தில், குளிப்பாட்டிக் கிடத்தி, கால் கட்டைவிரல் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தது. பெரியவர் ஒருவர், கடைசியாகப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அக்கா எழுந்தார். தலைமாட்டிலிருந்து நகர்ந்து நகர்ந்து கால்மாட்டுக்குப் போய் உட்கார்ந்தார். கட்டிய விரல்களின் மேல் உள்ளங்கையை வைத்தார். மைக் இல்லை. அந்தக் கமறல் குரலில் தலையிலிருந்து வருவார் என்று பின்னால் பெண்கள் மூச்சை இழுத்துக்கொண்டு தயாரானார்கள்.

அவர் தலையிலிருந்து வரவில்லை. நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கினார்.

'முட்டியிலே நீ இருப்பாய், மடங்கும் வலுவாய் இருப்பாய். பாதத்தில் இருப்பாய், வழியாய் இருப்பாய்.'

அவ்வளவுதான். கையை எடுத்துக்கொண்டார். யாரும் சுண்டல் கொடுக்கவில்லை. எல்லோரும் கிளம்பினோம்.

துக்கம் கழிந்து சில மாதங்களுக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா மறுபடி ஜமுக்காளத்தில் வந்து உட்கார்ந்தார். நான் எதிர் ஜன்னலில் பேனாவோடு இருந்தேன். என் வாசற்படியில் யாரும் இல்லை. பாட்டு உச்சியில் தொடங்கி ஒழுங்காக இறங்கி வந்தது. 'வயிற்றில் இருப்பாய், அனலாய் இருப்பாய்.' அடுத்தது ஈரல் வருமோ என்று பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். வரவில்லை. ஆனால் அடுத்த வரிக்கும் அவர் போகவில்லை. ஒரு வரி பாடுகிற நேரம் சும்மா இருந்தார். மைக்கில் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு இடுப்புக்குப் போனார். பெண்கள் குழம்பி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாட்டு நடுவில் நின்றுவிட்டதே, தலையிலேர்ந்து என்று ஏன் சொல்லவில்லை என்று யாருக்கும் புரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை. அடுத்த வாரமும் அதே இடத்தில் அதே நிறுத்தம். மூன்றாவது வாரம் எல்லோரும் சேர்ந்தே நிறுத்தினார்கள்.

அக்கா ஓய்வு பெற்று மகளோடு பெங்களூருக்குப் போய்ப் பல வருஷமாகிறது. பேரனுக்கு அங்கே தமிழ் வரவில்லை என்று கேள்வி. அவன் பாடு தலையிலேர்ந்துதான். எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமைப் பாட்டு இப்போதும் நடக்கிறது, வேறு ஒருவர் மைக் பிடிக்கிறார், சட்டமெல்லாம் தளர்ந்துவிட்டது. பஸ் ஹாரன் அடித்தாலும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். வயிற்றுக்கும் இடுப்புக்கும் நடுவில் மட்டும் மொத்தக் கூட்டமும் ஒரு வரி நேரம் வாயை மூடிக்கொள்கிறது. போன மாதம் ஒரு புது மருமகள், இங்கே ஏன் நிறுத்துகிறோம் என்று கேட்டாள். மைக் பிடித்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னது எனக்கு ஜன்னல் வரை கேட்டது.

"அங்க மூச்சு விட்டுக்கணும். பாட்டே அப்பிடித்தான்."

நான் எழுதியவற்றில் இன்னும் புழக்கத்தில் இருப்பது அது ஒன்றுதான்.